மின்னணுக் கடிகாரம் அல்ல, இலக்கக் கடிகாரம்

மகள் இரண்டாம் ஆண்டு. கணிதப் பயிற்சித்தாளில் ஒரு கேள்வி: "ஒப்புமைக் கடிகாரம் காட்டும் நேரத்தை மின்னணுக் கடிகாரத்தில் எழுதுக." பிள்ளை என்னைப் பார்த்து, "அப்பா, எதோட ஒப்பிடணும்?" என்றாள். இந்த வருடம் இந்த இரண்டு சொல்லும் கண்ணில் படுவது மூன்றாவது தடவை. இனி பொறுக்க முடியவில்லை.

முள் வைத்த அனலாக் கடிகாரத்தை 'ஒப்புமை' என்றும், டிஜிட்டல் கடிகாரத்தை 'மின்னணு' என்றும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். இரண்டின் வேரையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல், விரலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. விரல்விட்டு எண்ணியதால் இலக்கத்துக்கும் அதுவே பெயராயிற்று. அனலாக்கின் கிரேக்க மூலத்துக்கு 'விகிதப்படி அமைந்தது' என்று பொருள். ஒரு மணி நேரத்துக்குச் சின்ன முள் 30 பாகை நகர்கிறதே, அந்த விகிதம்தான்.

என் சண்டை 'மின்னணு'வோடு. அது எலக்ட்ரானிக்குக்கு உரிய சொல். கருவி எதனால் ஓடுகிறது என்று சொல்லுமே தவிர, நேரத்தை எப்படிக் காட்டுகிறது என்று சொல்லாது. அன்றைக்கே கோலாலம்பூர், செந்தூலில் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மகளிடம் காட்டினேன். முதுகில் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் ஒரு பேட்டரி. பெட்டிக்குள் நொடிக்கு 32,768 தடவை அதிரும் குவார்ட்ஸ் படிகம். அந்த எண்ணிக்கையை மின்சுற்று 15 தடவை பாதி பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். அதில்தான் நொடிமுள் 'டிக்' என்று ஓரடி வைக்கிறது. இதுவும் மின்னணுதானே? ஆனால் முகத்தில் இருப்பது மூன்று முள். இன்னொரு பக்கம், இலக்கம் அச்சிட்ட தகடுகள் புரண்டு நேரம் காட்டும் பழைய மேசைக் கடிகாரங்கள். அவற்றை ஓட்டியது சாதாரண மோட்டாரும் பல்சக்கரமும். டிஜிட்டல் என்றாலே மின்னணு என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த இரண்டையும் எங்கே வைப்பார்கள்?

மெர்டேக்கா சதுக்கத்துக்கு எதிரே, சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தில் 1897 முதல் மணியடிக்கும் கடிகாரம் பேட்டரியில் ஓடப் பிறந்ததல்ல. அதற்கும் எங்கள் சுவர்க் கடிகாரத்துக்கும் பொதுவானது முள்தான். அப்புறம் பெயரை வேறெங்கே தேடுவது? முள் கடிகாரம். சந்தி பார்ப்பவர்கள் முட்கடிகாரம் என்று எழுதட்டும். 'ஒப்புமை', அகராதியில் அனலாக்குக்கு எதிரே கிடந்ததை அப்படியே எடுத்து ஒட்டியது. 'தொடர்முறை' என்பாரும் உண்டு. டிக் டிக் என்று விட்டுவிட்டு நகரும் முள்ளில் தொடர்ச்சி எங்கே?

மற்றது, அதாவது டிஜிட்டல், இலக்கக் கடிகாரம். 'எண் கடிகாரம்' போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். முள் கடிகாரத்திலும் எண் உண்டு. அதோடு, 45 என்பது ஈரிலக்க எண் என்று பள்ளியிலேயே படிக்கிறோம். எண் வேறு, அதை எழுதும் இலக்கம் வேறு. இங்கே நேரத்தைச் சொல்வது இலக்கமே. டிஜிட்டலுக்கு நம் மலேசியச் செய்திகளில் அடிபடும் 'இலக்கவியல்' அமைச்சின் பெயருக்குப் பொருந்தலாம், துறை என்பதால். கடிகாரத்துக்கு எதற்கு 'இயல்'?

இன்னொரு வருத்தம். பெரிய முள் ஒன்பதில் நின்றால் வட்டத்தில் முக்கால் பங்கு கண்ணுக்கே தெரியும். அதனால்தான் 'மூன்றே முக்கால்' வாயில் வந்தது. இப்போது பிள்ளைகள் 'மூணு நாற்பத்தஞ்சு' என்றே சொல்கிறார்கள். என் மகளும்தான். கழற்றிய கடிகாரத்தைக் கையில் கொடுத்து, முள்ளைத் திருப்பித் திருப்பிக் கால், அரை, முக்கால் சொல்ல வைத்தேன். பயிற்சித்தாளில் அந்த இரண்டு சொல்லையும் அடித்து, மேலே 'முள்', 'இலக்க' என்று எழுதிப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறேன்.