கொள்ளிடக் கரைக்குப் பொத்தான், கொல்லிமலைக்குக் கியர்

கும்பகோணத்துக்கு அருகே சாலையோரத்தில் எனக்கு ஒரு பிரேக் பட்டறை இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே வேலைதான். வாழைத்தார் ஏற்றும் லோடு வண்டி, நெல் மூட்டை ஏற்றும் டெம்போ என்று வந்துகொண்டிருந்த இடத்துக்கு இப்போது நான்கு சக்கரமும் இழுக்கும் இரட்டைக் கேபின் பிக்கப்புகளும் வருகின்றன. அப்படி ஆடிப்பெருக்கு முடிந்த மூன்றாம் நாள் வந்த ஒரு வண்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வண்டிக்காரர் கபிஸ்தலம் பக்கத்து வாழை விவசாயி. குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போய் அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, பின்னால் பலாப்பழமும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறார். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை அது. இறக்கம் தொடங்கியதும் டாஷ்போர்டில் இருந்த, இறக்கத்தில் வண்டியின் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் ஹில் டிசென்ட் கண்ட்ரோல் பொத்தானை அழுத்திவிட்டு, ஆட்டோமேட்டிக் கியரை, வழக்கமாக ஓட்டும் 'டி'யிலேயே விட்டுவிட்டார். வண்டி தானாகவே நிதானமாக இறங்கியது. காலுக்கு வேலையே இல்லை. பாதி மலை தாண்டியபோது கருகிய வாடை வந்தது. எதிரே வந்த பஸ்ஸின் வாடை என்று நினைத்துக்கொண்டார். இன்னும் சில வளைவுகள் கழித்து டாஷ்போர்டில் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. பிறகு அந்த வசதி தானாகவே நின்றுபோனது. வண்டி வேகமெடுக்க, அவர் பிரேக்கை மிதித்தார். மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போனது.

நல்ல வேளையாக அவர் பதறவில்லை. கியரை மேனுவல் மோடுக்கு மாற்றி ஒவ்வொன்றாகக் குறைத்து, மலைச்சுவர் இருந்த பக்கமாக ஒதுக்கி நிறுத்திவிட்டார். ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு முதல் கியரில் ஊர்ந்து இறங்கியிருக்கிறார். பின்சீட்டில் அவருடைய இரண்டு பேரக்குழந்தைகள் இருந்தார்கள்.

பட்டறையில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். முன் டிஸ்க்குகளில் சூட்டால் நீலம் பாய்ந்திருந்தது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடுகள் கண்ணாடி போலப் பளபளத்தன. பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மலை இறங்கத்தானே அண்ணே அந்தப் பொத்தானை வைத்திருக்கிறார்கள்?"

அந்தக் கேள்வியில் தவறே இல்லை. வண்டியை விற்றவர் "மலை இறங்கும்போது இதைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த ஒரு வரியில்தான் ஆபத்து இருக்கிறது. அந்தப் பொத்தான் எதற்கு, எதற்கு இல்லை என்று நம் பக்கத்து ஓட்டுநர்களிடம் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

இந்த வசதி 1997-இல் லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டர் வண்டியில் வந்தது. சக்கரத்தின் வேகத்தை மேலும் குறைத்து இழுவையைக் கூட்டும் 'லோ' கியர்ப்பெட்டி அந்த வண்டியில் கிடையாது. செங்குத்தான சேற்றுச் சரிவில் அது செய்யவேண்டிய வேலையை பிரேக்கைக் கொண்டு செய்யவைத்தார்கள். இப்போது பல நிறுவனங்கள் பல பெயர்களில் இதைத் தருகின்றன. டொயோட்டா இதை டவுன்ஹில் அசிஸ்ட் கண்ட்ரோல் என்கிறது. பெயர் எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள சென்சார் அதன் சுழற்சியைச் சொல்கிறது. வண்டி குறித்த வேகத்தைத் தாண்டப் பார்த்தால், ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பின் பம்ப்பே பிரேக் ஆயிலுக்கு அழுத்தம் கொடுத்து, எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு பிடிக்கிறது. கர்ரென்று ஒரு சத்தம் வரும், மிதி லேசாக அதிரும். அது கோளாறு அல்ல, பம்ப் வேலை செய்கிறது.

பிடிப்பது பிரேக்தான் என்பதைக் கவனியுங்கள். உங்கள் காலுக்குப் பதில் பம்ப் மிதிக்கிறது. பேடும் டிஸ்க்கும் உரசும் சூடு அப்படியே இருக்கிறது. கால் ஓய்வெடுப்பதால் பிரேக்கும் ஓய்வெடுக்கிறது என்று மனம் நம்பிவிடுகிறது. அவருக்கு நடந்தது அதுதான்.

அந்தச் சூடு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆளும் சுமையுமாக மூன்று டன் உள்ள வண்டி ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நூறு லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை இன்ஜின் வாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் வாங்க வேண்டும். சின்ன கியரில் இறங்கினால் பெரும்பகுதியை இன்ஜின் விழுங்கிக்கொள்ளும். 'டி'யில் விட்டுவிட்டுப் பொத்தானை மட்டும் நம்பினால் பெரும்பகுதி நான்கு சக்கரங்களின் பிரேக்கில் போய் உட்காரும். அதற்குமேல் தாங்காது என்று தெரிந்தபோதுதான் அவர் வண்டியில் அந்த வசதி தன்னை நிறுத்திக்கொண்டது. வண்டிக் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. அந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

நம் மண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரம். நாகப்பட்டினம் சில மீட்டர்தான். நடுவில் 80 கிலோமீட்டர் போல இருக்கிறது. காவிரித் தண்ணீரே யோசித்து யோசித்து நடக்கும் சரிவு இது. இந்த மண்ணில் ஓட்டிப் பழகிய காலுக்கு இறக்கம் என்றால் ரயில்வே மேம்பாலம்தான். மேம்பாலத்தின் உச்சியில் நியூட்ரலுக்குத் தள்ளி, டீசல் மிச்சம் என்று உருட்டிவிடும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அது மிச்சமே இல்லை. இன்றைய டீசல் இன்ஜின், கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டால் டீசலையே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் அது ஓடுவதற்கு டீசல் குடிக்கிறது. இந்தப் பழக்கம் நம்மோடு மலைக்கும் ஏறிவந்துவிடுவதுதான் என் கவலை. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் இன்ஜினின் பிடி முழுவதும் போய்விடும். இன்ஜினையும் அணைத்துவிட்டால் மிதியை லேசாக்கி பிரேக்குக்கு உதவும் வாக்குவமும் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

மலைச்சாலைக்கு லாரி ஓட்டிய மூத்தவர்கள் வைத்திருந்த கணக்கு எளிது: எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரிலேயே இறங்கு. நீளமான தார்ச்சாலை இறக்கத்துக்கு இன்றைக்கும் அதுதான் அடிப்படை. ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் மேனுவல் மோடில் இரண்டு அல்லது ஒன்றில் நிறுத்துங்கள். இன்ஜின் உறுமும், அதைக் கேட்டு பயந்து கியரைக் கூட்டாதீர்கள். இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் டேக்கோ மீட்டரின் முள் சிவப்புக்குள் போகாதவரை இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. வளைவுக்கு முன் பிரேக்கை ஒருமுறை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். மிதியில் காலைச் சும்மா வைத்துக்கொண்டே வந்தால் பேடு ஆறவே ஆறாது. மேலே ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி. சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

வாடை வந்துவிட்டால் உடனே ஒதுங்கி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்திவிடுங்கள். சூடான டிரம்மிலும் டிஸ்க்கிலும் வாளித் தண்ணீரை ஊற்றாதீர்கள். வெடித்துப்போன டிரம்கள் என் பட்டறை மூலையில் கிடக்கின்றன.

அப்படியானால் அந்தப் பொத்தான் வீணா என்று அவர் கேட்டார். இல்லை. அது உண்மையிலேயே உதவும் இடம் அவர் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருந்தது. கொள்ளிடக் கரை. கரைமேல் இருந்து படுகைக்குள் இறங்கும் வண்டிப்பாதை சிறியதுதான், ஆனால் செங்குத்து. ஐப்பசி மழையில் அந்தக் களிமண் எண்ணெய் தடவினாற்போல் இருக்கும். அங்கே காலால் மிதித்தால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான் மிதிக்க முடியும். பொத்தான் எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதை விட்டு, பிடி உள்ள சக்கரத்தில் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும். காலால் செய்யவே முடியாத வேலை இது. இறக்கம் அரை நிமிடத்தில் முடிந்துவிடுவதால் சூடேறவும் நேரமில்லை.

மறுவாரம் அவரோடு போய் அதைச் செய்து பார்த்தோம். கரைமேல் வண்டியை முழுவதும் நிறுத்தி, ஃபோர் லோ (நான்கு சக்கரமும் இழுக்கும் 'லோ' கியர்ப்பெட்டி) போட்டு, முதல் கியரில் வைத்து, பொத்தானை அழுத்தி, இரண்டு கால்களையும் மிதிகளிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். வண்டி நேராக, எறும்பு ஊர்வது போல இறங்கியது. பிறகு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மேலே ஏறும்போது பாதியில் நின்றால் என்ன செய்வது என்றும் பழகினோம். திருப்ப முயலக்கூடாது, சரிவில் குறுக்கே நின்ற வண்டி உருண்டுவிடும். ரிவர்ஸ் கியர் போட்டு நேராகப் பின்னால் இறங்க வேண்டும். அவர் வண்டியில் ரிவர்ஸிலும் அந்த வசதி வேலை செய்தது. பல வண்டிகளில் உண்டு, உங்கள் வண்டியில் உண்டா என்பதைச் சமதளத்திலேயே கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். தேய்ந்த டயருக்கு இதில் எந்த உதவியும் கிடையாது. தரையில் இல்லாத பிடியை எந்தப் பொத்தானும் உண்டாக்காது.

கடைசியாக, நம் டெல்டாவுக்கே உரிய இரண்டு சங்கதிகள். ஒன்று சேறு. படுகையிலும் வயலிலும் இறங்கி வந்த வண்டியை மேலே மட்டும் கழுவிவிட்டு, சக்கரத்தின் உட்புறத்தை விட்டுவிடுகிறார்கள். அங்கே காய்ந்த களிமண் சென்சாரை மூடினால் ஏபிஎஸ் விளக்கு எரியும். அந்த விளக்கு எரிந்தால் ஹில் டிசென்ட் கண்ட்ரோலும் வேலை செய்யாது. பொத்தானை அழுத்தினாலும் வண்டி உருளும்.

இரண்டாவது ஈரம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. வயலும் ஆறும் கடலும் சூழ்ந்த நம் ஊரில் அதற்குக் கேட்கவா வேண்டும். டாட் 3 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு இவை 230, 155. கொதித்த ஆயிலில் குமிழி உண்டாகும். நீங்கள் மிதிக்கும்போது குமிழிதான் அமுங்கும், பேடு நகராது. கொல்லிமலையில் அந்த மிதி ஆழமாகப் போனதற்குக் காரணம் அதுதான். மூன்று ஆண்டுகளாக அந்த ஆயிலை அவர் மாற்றவில்லை. சமதளத்தில் ஓடியவரை அது தன்னைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள்.

பொத்தான் இல்லாத சாதாரண லோடு வண்டிக்காரர்கள் இதையெல்லாம் தமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். ஏற்காட்டுக்கும் ஊட்டிக்கும் போய்வருகிறவர்களில் உங்கள் எண்ணிக்கைதான் அதிகம். அதிகச் சுமைக்காகக் கமான் பட்டையைக் கூட்டிக் கட்டுகிறவர்கள், சுமைக்கு ஏற்றபடி பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வையும் மறுபடி சரிசெய்துகொள்ளுங்கள். பட்டை கூடியதும் வண்டியின் பின்பக்கம் உயர்ந்து நிற்கும். சுமை இல்லை என்று அந்த வால்வு ஏமாந்து, முழுச் சுமையோடு இறங்கும்போதும் பின் பிரேக்கைப் பாதியாகத்தான் பிடிக்கவைக்கும்.

மலைக்குப் போகிறேன் என்று சொல்லி என் பட்டறைக்கு வருகிற வண்டிக்கு ஆயிலின் ஈரத்தைச் சோதிக்க நான் பணம் வாங்குவதில்லை. பேனா போன்ற ஒரு சிறு கருவிதான், ஐந்து நிமிடம் ஆகும். உங்கள் ஊர்ப் பட்டறையிலும் கேட்டு வாங்குங்கள். புறப்படும் நாள் காலையில் கேட்காதீர்கள். ஆயில் மாற்ற வேண்டியிருந்தால் நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் சேர்ந்த காற்றை வெளியேற்ற அரை நாள் வேண்டும்.