கவுண்டி: மாவட்டமா, நாடா, சீமையா?

'கவுண்டி' என்ற சொல் நம்மில் பலருக்குக் கிரிக்கெட் வழியாகத்தான் அறிமுகம். சர்ரே, எசெக்ஸ் என்று ஸ்கோர் பார்த்துப் பார்த்து, ஏதோ கிளப் வகை போலிருக்கிறது என்றே நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அது இங்கிலாந்தின் நிலப்பிரிவு.

லத்தீனில் 'கோமெஸ்' என்றால் கூடப் போகிறவர். அதாவது அரசனின் துணை. அதுவே பின்னாளில் பிரபுப் பட்டமாகி, பிரெஞ்சு வழியாகக் 'கவுண்ட்' ஆனது. அவருடைய ஆளுகைப் பகுதி கவுண்டி. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபோது 'ஷயர்' என்ற பிரிவுகள் அங்கே ஏற்கெனவே இருந்தன. அவற்றுக்குத்தான் இந்தப் பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், கவுண்ட் பட்டம் அங்கே நிலைக்கவில்லை. பழைய 'ஏர்ல்' பட்டமே நீடித்தது. ஏர்லின் மனைவி மட்டும் இன்றும் கவுண்டஸ்!

கிழக்குக் கடலோரத்தில் இருக்கும் நார்ஃபோக்கை எடுத்துக்கொள்வோம். பெயருக்கே 'வடக்கு மக்கள்' என்றுதான் பொருள். தட்டையான வயல்காடு, கருங்கல் போன்ற சக்கிமுக்கிக் கல்லில் கட்டிய தேவாலயங்கள், குரோமர் ஊர் நண்டு. 'பிராட்ஸ்' என்னும் ஏரிகள் இயற்கையானவை என்றே நெடுநாள் நம்பினார்கள். இடைக்காலத்தில் அடுப்பெரிக்க மக்கிய கரிமண் வெட்டிய பள்ளங்களில் நீர் புகுந்து உண்டானவை அவை என்பது 1950களில்தான் தெளிவானது. ஹேஸ்பரோ என்ற ஊரில் (எழுதுவது ஹேப்பிஸ்பர்க், ஊர்க்காரர் வாயில் இப்படி) கடல் கரையைத் தின்றுகொண்டே இருக்கிறது. 2013இல் அங்கே 8 லட்சம் ஆண்டுக்கும் மேல் பழைய மனிதக் காலடித் தடங்கள் வெளிப்பட்டன. இரண்டே வாரத்தில் அலை அழித்துவிட்டது. 'கடலடுத்த' என்ற அடையோடு பெயர் கொண்ட க்ளை என்ற ஊரிலோ கடல் விலகிப் போய்விட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? நிர்வாகச் செய்தி என்றால் 'மாவட்டம்' போதும். ஆனால் அதில் கலெக்டர் ஆபீஸ் வாசனைதான் வருகிறது, மண்வாசனை இல்லை. சோழர் காலத்து 'நாடு' பொருத்தமானது: ஊர்கள் சேர்ந்தது நாடு, அதற்கு நாட்டார் சபையும் உண்டு. செட்டிநாட்டில் அந்தப் பொருள் இன்னும் மிச்சமிருக்கிறது. ஆனால் 'நார்ஃபோக் நாடு' என்று எழுதினால் தனி நாடு என்று நினைப்பார்கள்.

என் ஓட்டு 'சீமை'க்கு. வடசொல்தான், எல்லை என்று பொருள். ஆனால் சிவகங்கைச் சீமை என்னும்போது நிலமும் சனமும் சேர்ந்தே வருகின்றன. இங்கிலாந்தையே சீமை என்றவர்கள் நம் தாத்தாக்கள். அதனால் என்ன, சீமைக்குள் ஒரு நார்ஃபோக் சீமை இருந்துவிட்டுப் போகட்டும்.