கன்னாபினாய்டு: ‘போதைச்சேர்மம்’ என்று எழுதாதீர்கள்

“கஞ்சாவில் உள்ள போதைப்பொருள் குழந்தைகளின் வலிப்பைக் குணமாக்குகிறது.” இந்த வரியை ஏதோ ஒரு வடிவத்தில் செய்திகளிலும் காணொளிகளின் தமிழ் வசனத்திலும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. மூலத்தில் இருந்திருக்கக்கூடிய சொல் கன்னாபினாய்டு; முதலில் கஞ்சாச் செடியில் கண்டறியப்பட்ட ஒரு சேர்ம வகையின் பெயர். இங்கே வந்ததும் அது போதைப்பொருள் ஆகிவிடுகிறது. கொஞ்சம் மெனக்கெடுகிறவர்கள் ‘போதைச்சேர்மம்’ என்கிறார்கள். இரண்டும் பிழைதான். இரண்டாவது கலைச்சொல் வேடம் கட்டிக்கொண்டு வருவதால் எனக்கு அதன்மேல்தான் கோபம் அதிகம்.

வேரைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கிரேக்கத்தில் செடியின் பெயர் கன்னாபிஸ். கிரேக்கருக்கே அது அயலாரிடமிருந்து வந்த சொல் என்பது பொதுவான கருத்து. சித்தியர்கள் என்ற பழங்கால நாடோடி இனத்தவர் இதன் விதையைச் சூடான கற்களில் போட்டு ஆவி பிடித்ததைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் கன்னாபிஸ் சட்டைவா என்று பெயரிட்டார். கான்வாஸ் துணிக்கும் இதே வேர். ‘ஆய்டு’ என்ற ஒட்டு, உருவம் அல்லது சாயல் என்று பொருள்படும் ‘எய்டோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம்முடைய ‘கஞ்சா’ வடமொழி வழியாக வந்தது. கறாராகப் பார்த்தால் அது பூங்கொத்துக்கு மட்டும் உரிய பெயர். இலை பாங்கு, பிசின் சரஸ். இன்று முழுச்செடிக்கும் கஞ்சா என்றே சொல்கிறோம். சரி, அது இருக்கட்டும்.

கன்னாபினாய்டு என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். செடியில் மட்டுமே நூற்றுக்கும் மேற்பட்டவை கண்டறியப்பட்டிருக்கின்றன. அவற்றில் போதைக்கு முக்கியக் காரணம் டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டிஎச்சி. இதைத் தனியே பிரித்து அமைப்பைக் கண்டவர்கள் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் காவ்னியும்; ஆண்டு 1964. அதற்கு முன்பே, 1940-இல், ராஜர் ஆடம்ஸ் குழு கன்னாபிடையாலைப் பிரித்தெடுத்துவிட்டது. சிபிடி என்கிறோமே, அதுதான். அது போதை தராது. போதை தராத ஒன்றைப் ‘போதைச்சேர்மம்’ என்று அழைப்பது எந்த ஊர் நியாயம்?

“பெரும்பான்மையைப் பார்த்துப் பெயர் வைக்கிறோம்” என்று ஒரு சமாதானம் வரும். அதுவும் நிற்காது. பச்சைச் செடியில் டிஎச்சி பெரும்பாலும் அமில வடிவில்தான் இருக்கிறது. அந்த அமிலம் போதை தருவதில்லை. சூடுபட்டுக் கரியமில வாயு பிரிந்த பிறகுதான் அது டிஎச்சி ஆகிறது. போதை என்பது செடி, சூடு, அளவு, உண்பவர் மூளை எல்லாம் சேர்ந்து நடத்தும் காரியம். அதைத் தூக்கி மூலக்கூறின் நெற்றியில் ஒட்டுகிறார்கள்.

இதைவிடப் பெரிய இடறல் உடலுக்குள் இருக்கிறது. 1988-இல் ஆலின் ஹவ்லெட்டும் வில்லியம் டெவேனும் மூளையில் கன்னாபினாய்டு ஏற்பியை, அதாவது இந்தச் சேர்மங்கள் வந்து ஒட்டும் புரதத்தை, இனங்கண்டார்கள். செடியின் சரக்குக்காக மூளை ஒரு பூட்டைச் செய்து வைத்திருக்காது; உடலுக்கென்று சொந்தச் சாவி இருக்க வேண்டும். 1992-இல் அது கிடைத்தது. பெயர் ஆனந்தமைடு. ஆமாம், நம் ‘ஆனந்தம்’தான். வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று வடமொழியிலிருந்து எடுத்து வைத்த பெயர். பிறகு 2-ஏஜி என்ற இன்னொரு சாவி வந்தது. வலி, பசி, நினைவு, மனநிலை எனப் பலவற்றிலும் இந்த ஏற்பாட்டுக்குப் பங்கு உண்டு. ‘போதைச்சேர்மம்’ கட்சியார் இந்தச் சாவிகளை ‘உடலகப் போதைச்சேர்மம்’ என்றுதான் எழுதியாக வேண்டும். தாய்ப்பாலிலும் இவை உண்டு. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு தாய்ப்பாலைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்.

எதிர்த் திசையில் தூய்மைக்காரர்கள் நிற்கிறார்கள். தனித்தமிழ் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் ‘ஆய்டு’வைப் ‘போலி’ என்று பெயர்த்து அவர்கள் செய்த ‘கஞ்சாப்போலி’யை ஏற்க முடியவில்லை. ‘உலோகப்போலி’ இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அங்கே பொருந்துகிறது. உலோகம் போல நடந்துகொண்டு உலோகமாக இல்லாத தனிமம் அது. இங்கே கஞ்சாப்போலி என்றால் கலப்படச் சரக்கு என்றுதான் காதில் விழும். ‘ஆய்டு’ வந்த இடத்திலெல்லாம் போலி போட வேண்டும் என்று விதியா என்ன? கிரேக்கச் சொல்லை அப்படியே பெயர்த்தால் சிறுகோள் ‘விண்மீன்போலி’ ஆகியிருக்கும். நல்லவேளை, அங்கே யாரோ பொருளைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். தைராய்டு என்றால் கேடயச் சாயல். அதற்காகக் ‘கேடயப்போலிச் சுரப்பி’க்கு மருந்து சாப்பிடுவதாக யாரும் சொல்வதில்லை. கஞ்சாவின் சித்த மருத்துவப் பெயரை வைத்துக் ‘கோரக்கர் மூலிச் சத்து’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அழகாக இருக்கிறது, ஆனால் சித்தர் பெயர் ஒட்டியதும் பொருளுக்கு ஒரு தெய்வீக மணம் ஏறிவிடுகிறது. மருந்தை எடைபோடும் இடத்தில் அதுவும் இடைஞ்சல்.

என் தீர்ப்பு இதுதான். செடியில் கிடைப்பவற்றைப் பற்றி மட்டும் பேசும்போது ‘கஞ்சாச் சேர்மம்’ போதும். யாருக்கும் புரியும், நன்மை தீமை எதையும் முன்கூட்டிச் சொல்லாது. உடலில் சுரப்பவை, ஆய்வகத்தில் செய்பவை எல்லாம் சேரும்போது ‘கன்னாபினாய்டு’ என்றே எழுதுங்கள். முன்னொட்டைத் தமிழில் வையுங்கள்: உடலகக் கன்னாபினாய்டு, செயற்கைக் கன்னாபினாய்டு. ஸ்டீராய்டையும் வைட்டமினையும் தாங்கிய மொழி இதையும் தாங்கும்.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது? ஆங்கிலத்தில் ‘டிரக்’ என்ற ஒரே சொல் மருந்தையும் குறிக்கும், போதைப்பொருளையும் குறிக்கும். பக்கத்தில் கஞ்சா என்று கண்டதும் மொழிபெயர்ப்பாளரின் கை தானாகப் போதைப்பொருளுக்குப் போய்விடுகிறது. 2018-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்த எபிடியோலெக்ஸ் ஒரு மருந்து. கஞ்சாச் செடியிலிருந்து தூய்மையாகப் பிரித்த சிபிடி அது. ட்ராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு முதலில் அனுமதி கிடைத்தது. பக்கத்தில் ‘போதைப்பொருளுக்கு அனுமதி’ என்று எழுதினால் எந்தத் தாய் அதைப் பிள்ளைக்குக் கொடுப்பாள்?

அப்புறம் ‘குணமாக்குகிறது’. இது அடுத்த கொடுமை. எபிடியோலெக்ஸ் வலிப்பின் எண்ணிக்கையைக் குறைக்கிறது, நோயைத் தீர்ப்பதில்லை. தூக்கக் கலக்கமும் வயிற்றுப்போக்கும் வரலாம், கல்லீரல் நொதிகள் உயரலாம், குளோபசாம் போன்ற வேறு வலிப்பு மருந்துகளோடு மோதலாம். டிஎச்சியின் செயற்கை வடிவமான டிரோனாபினால் புற்றுநோய் மருந்துகளால் வரும் குமட்டலுக்கு 1985-இலேயே அனுமதி பெற்றது. டிஎச்சியும் சிபிடியும் கலந்த வாய்த்தெளிப்பு, தண்டுவட மரப்பு நோயாளிகளின் தசை இறுக்கத்துக்குப் பல நாடுகளில் பயன்படுகிறது. உறுதியாகச் சொல்லக்கூடிய பட்டியல் இதைவிட வெகு நீளம் இல்லை. பதற்றம், தூக்கமின்மை, மூட்டுவலி என்று மற்றவை பெரும்பாலும் ஆய்வில் இருக்கின்றன. மூலத்தில் ‘உதவக்கூடும்’ என்று இருப்பதை ‘உதவும்’ ஆக்கி, தலைப்பில் ‘குணமாகும்’ ஆக்கிவிடுகிறார்கள். ‘கூடும்’ என்ற மூன்றெழுத்தை எழுத என்ன செலவு?

எண்ணெய் விஷயத்திலும் இதே அலட்சியம். விதையிலிருந்து பிழிந்த எண்ணெயில் கன்னாபினாய்டு ஏறக்குறைய இல்லை. அது சமையலுக்கும் சருமப் பூச்சுக்கும் போகிறது. பூவிலிருந்து எடுக்கும் சாறு வேறு. இரண்டையும் ‘கஞ்சா எண்ணெய்’ என்றே எழுதுகிறார்கள். ஒன்றை ‘விதையெண்ணெய்’ என்றும் மற்றதைக் ‘கஞ்சாச் சாறு’ அல்லது ‘சிபிடி எண்ணெய்’ என்றும் பிரித்து எழுதலாம். எழுதும்போது கஞ்சாவுக்கும் சாறுக்கும் நடுவில் ‘ச்’ போட மறக்க வேண்டாம்.