ஈஸ்டர் முட்டையை மாதக்கணக்கில் வைத்துக் கொடுக்காதீர்கள்

இங்கே லண்டனில் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கிறேன். இந்தக் கிழமை வந்தவனுக்கு ஆறு வயது. கடைவாயில் மூன்று பாற்பற்கள் சொத்தை. முழு மயக்கம் கொடுத்துத்தான் பிடுங்க வேண்டும். அவனுடைய அம்மா கண் கலங்கிச் சொன்னார்: "ஈஸ்டருக்கு வந்த சொக்லேட் முட்டைகளை ஒரேயடியாகக் கொடுக்கவே இல்லை டொக்டர். பிரிட்ஜில் வைத்து, அழும்போது ஒரு துண்டு, ஹோம்வொர்க் முடித்தால் ஒரு துண்டு, அவ்வளவுதான்."

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனம் விட்டுப்போய்விட்டது. நல்ல அம்மாக்கள்தான் இப்படிச் செய்கிறார்கள்.

தயவுசெய்து இதைக் கவனியுங்கள். இனிப்பு வாய்க்குள் போகிற ஒவ்வொரு முறையும் கிருமிகள் அமிலம் உண்டாக்கும். உமிழ்நீர் அதை ஆற்ற அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஐந்து துண்டை ஒரே தடவையில் தின்றால் பல்லுக்கு ஒரு அடி. அதே ஐந்தை நாள் முழுக்கப் பிரித்துத் தின்றால் ஐந்து அடி. கை நிறைய அள்ளிக் கொடுக்கச் சொல்லவில்லை. 150 கிராம் பால் சொக்லேட் முட்டையில் ஏறக்குறைய 80 கிராம் சீனி இருக்கிறது. நாலிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைக்கு இங்குள்ள சுகாதாரத் துறை சொல்லும் நாளளவு, சேர்க்கும் சீனி எல்லாம் சேர்த்தே 19 கிராம். ஆகவே சின்னத் துண்டு, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, அன்றைக்கு அதோடு சரி. படுக்கப் போகும்போது கூடவே கூடாது. "விழப்போகிற பல்தானே" என்றும் சொல்லாதீர்கள். கடைவாய்ப் பாற்பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியது.

சொக்லேட் இல்லாமல் ஈஸ்டரா என்று கேட்கிறார்கள். பிரிட்டனில் முதல் சொக்லேட் முட்டையை பிரிஸ்டலில் ஃபிரை நிறுவனம் செய்ததே 1873இல்தான். அதற்கு முன் இருந்தது நிஜ முட்டை. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்தில் முட்டை விலக்கு. அதற்காகக் கோழி முட்டையிடுவதை நிறுத்துமா என்ன! சேர்ந்ததை அவித்து, வெங்காயத் தோலில் சாயமேற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பிரெஸ்டன் நகரின் ஏவன்ஹம் பூங்காவில் 1867 முதல் ஈஸ்டர் திங்களன்று பிள்ளைகள் சரிவில் முட்டை உருட்டி, அதன் பின்னால் ஓடி விளையாடுகிறார்கள்.

நம் வீட்டில் வெங்காயத் தோலுக்கா பஞ்சம்? முட்டையில் ஒரு கொத்தமல்லி இலையை ஒட்டி, துணியால் இறுக்கிக் கட்டி, வெங்காயத் தோலோடு அவியுங்கள். இலை வடிவம் அப்படியே விழும். பிறகு பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மாமாமார், சித்திமார், அம்மம்மாமார் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: வீட்டுக்கு ஒரு முட்டை போதும். மற்றவர்கள் ஸ்கிப்பிங் கயிறோ, பட்டமோ, நிலத்தில் கீறும் சோக்கோ, நீச்சல் கண்ணாடியோ, சூரியகாந்தி விதையோ வாங்கட்டும். முட்டை தேடும் விளையாட்டில் பிளாஸ்டிக் முட்டைக்குள் "தவளை மாதிரி பத்துத் தரம் பாய்" என்று எழுதி வையுங்கள். சொக்லேட்டை ஒருவரும் தேடமாட்டார்கள்.

குழந்தைகள் இருக்கிற வீட்டில், வாய்க்குள் அடங்குகிற சின்னப் பந்தும் வேண்டாம், மேலே சீனி ஓடு போட்ட குட்டிச் சொக்லேட் முட்டையும் வேண்டாம். இரண்டுமே தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.