பிரஷர் பார்த்தால் கை ஏன் கூம்புகிறது?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார்: "என் வீட்டுக்காரருக்கு வயது 52. ஆறு மாதமாக ராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்கிறார். ஸ்கேனில் ஒன்றுமில்லை. நரம்புத் தளர்ச்சி என்று சத்து ஊசி போட்டார்கள். இழுக்கும்போதெல்லாம் மாமியார் இரும்புச் சாவியைக் கையில் திணிக்கிறார். போன வாரம் வீட்டு மெஷினில் பிரஷர் பார்த்தோம். அது இரண்டு மூன்று தடவை விடாமல் காற்றடித்தது. அப்போது கை தானாகக் கூம்பிக்கொண்டது. இது என்ன?"

கடைசி இரண்டு வரிகளைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இருந்த அர்மான் ட்ரூசோ என்ற மருத்துவர், ரத்தம் எடுப்பதற்காக ஒரு பெண்ணின் கையைக் கட்டியபோது இதையேதான் பார்த்தார். மணிக்கட்டு மடங்கும், விரல்கள் நீட்டியபடி ஒட்டிக்கொள்ளும், கட்டைவிரல் உள்ளே சாயும். வாய் குறுகிய ஊறுகாய் ஜாடிக்குள் கை விடப் போவது மாதிரி. இன்றும் டாக்டர்கள் பிரஷர் பட்டையை மேல் அளவைவிடச் சற்றுக் கூடுதலாக ஏற்றி, மூன்று நிமிடம் வைத்திருந்து பார்க்கிறார்கள். கை கூம்பினால் முதல் சந்தேகம் ரத்தத்தில் கால்சியம் குறைவு.

இங்கேதான் ஒரு முரண். தசை சுருங்கவே கால்சியம் வேண்டும் என்று பள்ளியில் படித்தோம். அது குறைந்தால் தசை துவளத்தானே வேண்டும், ஏன் இழுக்கிறது? தசை தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தனக்குள்ளேயே சேமித்து வைத்திருக்கிறது. ரத்தத்தில் கொஞ்சம் குறைவதால் அதற்குப் பெரிய நஷ்டமில்லை. கோளாறு தசைக்கு உத்தரவு போடும் நரம்பில்.

நரம்பின் சவ்வில் சோடியத்துக்கென்று சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. ஓய்வில் நரம்பின் உட்புறம் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்னில் இருக்கும். அது 55 வாக்கில் இறங்கினால் வாசல்கள் திறந்து சோடியம் உள்ளே பாயும், நரம்பு தசைக்கு உத்தரவை அனுப்பும். சவ்வின் வெளிப்பக்கத்திலும் எதிர்மின்னூட்டங்கள் ஒட்டியிருக்கின்றன. கால்சியம் அயனிகள் இரட்டை நேர்மின்னோடு அவற்றின்மேல் கவிந்து மறைக்கின்றன. கால்சியம் விலகினால் அந்த எதிர்மின் வெளியே தெரிகிறது. சவ்வுக்குள் புதைந்திருக்கும் வாசலுக்கு, உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் குறைந்துவிட்டதுபோல் படுகிறது. நாம் கருவி வைத்து அளந்தால் அதே 70தான். வாசல் மட்டும் ஏமாந்து திறக்கிறது! ஃபிராங்கன்ஹாய்சர், ஹாட்ஜ்கின் என்ற இரு ஆய்வாளர்கள் 1957-இல் கணவாய் மீனின் நரம்பில் இதை அளந்தார்கள். கால்சியத்தை ஐந்தில் ஒரு பங்காக்கினால், 10 முதல் 15 மில்லிவோல்ட் தூண்டிவிட்டதற்குச் சமம். கணவாய் நரம்பை ஆராய எதற்குப் பணம் செலவழிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணங்களில் இதுவும் ஒன்று.

ஆக, உங்கள் வீட்டுக்காரரின் நரம்பு தளரவே இல்லை. எதற்கெடுத்தாலும் துள்ளுகிற நிலையில் இருக்கிறது. பட்டை இறுகி ரத்தம் நின்றதும் அது இன்னும் உசுப்பேறுகிறது. பயமும் சேர்ந்தால் மோசம். பதறி வேகமாக மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி ரத்தம் காரத்தன்மை அடையும். அப்போது ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் கூடுதல் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மொத்த அளவு ரிப்போர்ட்டில் சரியாகவே இருக்கும், ஆனால் நரம்புக்கு உதவுகிற கட்டற்ற கால்சியம் குறைந்திருக்கும். இழுக்கும்போது சாவி கொடுப்பதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக மூச்சு விடச் சொல்வது மேல்.

சரி, கால்சியம் ஏன் குறைகிறது? தைராய்டு ஆபரேஷனில் அதன் பின்னால் அரிசி அளவில் இருந்துகொண்டு, ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் பாராதைராய்டு சுரப்பிகள் அடிபட்டிருக்கலாம். வைட்டமின் டி பற்றாக்குறை, சிறுநீரகக் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. பலர் யோசிக்காத ஒன்று மெக்னீசியம். அது மிகவும் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் சரியாகச் சுரக்காது. கால்சியம் மாத்திரையை எவ்வளவு விழுங்கினாலும் ஏறாது. வருடக்கணக்கில் சாப்பிடும் ஒமெபிரசோல், பேன்டோபிரசோல் வகை கேஸ் மாத்திரைகள் மெக்னீசியத்தைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-இல் எச்சரித்தது. வழக்கமான ரத்தப் பரிசோதனைப் பட்டியலில் மெக்னீசியம் பெரும்பாலும் இருப்பதில்லை. கேட்டால்தான் எடுப்பார்கள்.

இதை வைத்து நீங்களே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அம்மா. தொண்டை இறுகினாலோ மூச்சு முட்டினாலோ நள்ளிரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மற்றபடி அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, கை கூம்பியதைச் சொல்லி, கால்சியத்தோடு மெக்னீசியமும் பார்க்கலாமா என்று கேளுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், மருந்துக்கடையில் சும்மா வாங்கிப் போட்டுக்கொள்ளும் அந்த கேஸ் மாத்திரை உட்பட.