தியரி: ஊகமா, கோட்பாடா?

‘என்கிட்ட ஒரு தியரி இருக்கு’ என்று ஒருவர் ஆரம்பித்தால், அடுத்து வரப்போவது ஊகம் என்று நமக்குத் தெரியும். மாணவர்களுக்கோ தியரி என்றால் எழுத்துத் தேர்வு, பிராக்டிகலுக்கு எதிர்ப்பதம். அறிவியலில் இந்த இரண்டு பொருளும் செல்லாது.

கிரேக்கத்தில் ‘தியோரியா’ என்றால் பார்ப்பது, நோக்குவது. தியேட்டரும் அதே வேரில் வந்ததுதான். கண்ணால் பார்ப்பது மனத்தால் ஆராய்வதாகி, அறிவியலில் ‘சோதித்துத் தேறிய விளக்கம்’ என்று நிலைத்தது.

தமிழில் கோட்பாடு. கோள் + பாடு. கோள் என்பது ‘கொள்’ என்ற வினை நீண்டு பிறந்த பெயர். கருதுகோளிலும் அதே கோள்தான். ஆனால் கருதுகோள் சோதனைக்கு முன் வைப்பது. கோட்பாடு சோதனைகளுக்குப் பிறகும் நிற்பது. 1915-ல் ஐன்ஸ்டைன், ஈர்ப்புவிசையை விளக்கும் பொதுச் சார்பியல் கோட்பாட்டை முன்வைத்தார். அது சொன்னபடி சூரியனருகே விண்மீன் ஒளி வளைகிறதா என்று 1919 சூரிய கிரகணத்தின்போது அளந்து பார்த்தார்கள். இன்று ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் தரையிலுள்ள கடிகாரத்தைவிட நாளுக்குச் சுமார் 38 மைக்ரோநொடி முந்தும் என்று கணக்கிட்டுத் திருத்துவதும் சார்பியலை வைத்துத்தான். ‘வெறும் தியரி’ செய்கிற வேலையா இது?

கோட்பாடு முற்றினால் விதியாகும் என்பதும் தவறு. என்ன நடக்கிறது என்பது விதி. ஏன் நடக்கிறது என்பது கோட்பாடு.

அரசியலுக்கு இந்த இரட்டைப் பொருள் வசதி. 1980 அமெரிக்க அதிபர் தேர்தல் பிரசாரத்தில் ரீகன், பரிணாமம் ஓர் அறிவியல் தியரி மட்டுமே என்றார். 2002-ல் ஜார்ஜியா மாநிலத்தின் கோப் கவுண்டியில் உயிரியல் பாடநூல்களில், பரிணாமம் ‘ஒரு தியரி, உண்மை அல்ல’ என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வழக்கு இழுத்து, இனி ஒட்டுவதில்லை என்று 2006-ல் கல்வி வாரியம் ஒப்புக்கொண்டது. ஸ்டிக்கரில் பொய்யான தரவு எதுவும் தேவைப்படவில்லை. பேச்சுவழக்குப் பொருளே போதுமானதாக இருந்தது.

தமிழில் நமக்கு வேறொரு சிக்கல்: ‘டார்வின் கொள்கை’, ‘குவாண்டம் கொள்கை’ என்று எழுதும் பழக்கம். கொள்கை கட்சிக்கும் உண்டு. பிடித்தால் ஏற்கலாம், கூட்டணிக்காகத் தளர்த்தலாம். பரிணாமத்தை அப்படித் தளர்த்த முடியாது. எனவே கோட்பாடு என்றே எழுதுவது நல்லது. தேற்றம் கணிதத்துக்கு இருக்கட்டும். அப்புறம், ‘கான்ஸ்பிரசி தியரி’க்குச் ‘சதிக் கோட்பாடு’ என்ற மொழிபெயர்ப்பு எனக்கு உறுத்துகிறது. சதிக்கதை என்றாலே பொருள் சரியாக வந்துவிடுகிறது.