எண்ணெயைக் குறைத்தும் ஃபேட்டி லிவரா? மருந்துகளையும் பார்ப்போம்

வயிற்று ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று வந்துவிட்டால் பலர் முதலில் சொல்வது, "டாக்டர், நான் எண்ணெயே சேர்ப்பதில்லையே!" பொய் இல்லை. கல்லீரலில் தேங்கும் கொழுப்பில், சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து நேராக வருவது சிறு பங்குதான். பெரும்பகுதி, உடம்பில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கொழுப்பு ரத்தம் வழியாக வந்து இறங்குவது. இன்னொரு பகுதியை, நாம் சாப்பிடும் மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் கல்லீரலே தயாரிக்கிறது.

எவ்வளவு உள்ளே இழுப்பது, எவ்வளவு தயாரிப்பது, எவ்வளவு எரிப்பது? இந்தக் கணக்கில் உட்கரு ஏற்பிகள் என்ற புரதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மனிதர்களிடம் 48 வகை இருக்கின்றன. ஹார்மோனோ பித்த அமிலமோ மருந்தோ வந்து ஒட்டியதும், இவை சில மரபணுக்களை முடுக்கிவிடும், சிலவற்றை அடக்கும்.

இவற்றில் 1998-இல் கண்டறியப்பட்ட பிஎக்ஸ்ஆர் என்ற ஏற்பி, கல்லீரலின் வாசல் காவலாளி. வெளியிலிருந்து வரும் ரசாயனங்களை உணர்ந்து, அவற்றைச் சிதைக்கும் நொதிகளைக் கூட்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இதை நன்றாகத் தூண்டும். அந்த மருந்து எடுக்கும்போது கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போவது இதனால்தான். வலிப்புக்கான கார்பமாசெபினும் தூண்டும்.

சிக்கல் என்னவென்றால், இதே ஏற்பி கொழுப்பு அமிலங்களை செல்லுக்குள் இழுக்கும் சிடி36 புரதத்தைக் கூட்டுகிறது, கொழுப்பு எரிவதைக் குறைக்கிறது. இதற்கான ஆதாரம் பெரும்பாலும் எலிகளிலிருந்தும் ஆய்வக செல்களிலிருந்தும் வந்தது. (எலியின் பிஎக்ஸ்ஆர் ரிஃபாம்பிசினைக் கண்டுகொள்வதே இல்லை, மனித ஏற்பியை எலிக்குள் வைத்துத்தான் சோதித்தார்கள்!) ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு வாரம் ரிஃபாம்பிசின் கொடுத்துப் பார்த்தபோது, குளுக்கோஸ் குடித்த பிறகான சர்க்கரை அளவு கூடியது. அதற்காகக் காசநோய் மருந்தை யாரும் நிறுத்திவிடக் கூடாது. அதன் பலன் முன்னால் இந்தக் கொழுப்பு ஒன்றுமே இல்லை. மஞ்சள் காமாலையோ விடாத வாந்தியோ வந்தால் அது வேறு கதை, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

எல்எக்ஸ்ஆர் என்று இன்னொன்று. ரத்தக்குழாயில் படியும் கொலஸ்டிராலை வெளியேற்றும் என்று நம்பி அதைத் தூண்டும் மருந்துகளைத் தயாரித்தார்கள். கொலஸ்டிரால் வெளியேறியது, ஆனால் கல்லீரலில் கொழுப்பு ஏறியது. கொழுப்பு உற்பத்திக்கான மரபணுக்களையும் அது சேர்த்தே முடுக்கிவிட்டது. மனிதர்களிடம் சோதித்த ஒரு மருந்திலும் இதே கதிதான்.

எல்லா ஏற்பியும் இப்படி அல்ல. பிபிஏஆர் ஆல்ஃபா கொழுப்பை எரிக்கத் தூண்டும். தைராய்டு ஏற்பியின் பீட்டா வகையைத் தூண்டும் ரெஸ்மெட்டிரோம், கொழுப்பால் வீங்கித் தழும்பேறும் கல்லீரலுக்கான மருந்தாக 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

என் அனுபவத்தில் இவை எல்லாவற்றையும்விட அதிகம் தொல்லை கொடுப்பது ஸ்டீராய்டு. அதன் ஏற்பியும் இதே குடும்பம்தான். பசி கூடும், சர்க்கரை ஏறும், கல்லீரல் கொழுப்பு தயாரிப்பதும் அதிகமாகும். மருத்துவர் எழுதிக் கொடுத்த பிரெட்னிசோலோனாக இருந்தால் கண்காணிப்பாவது இருக்கும். மூட்டுவலிக்கும், உடம்பு தேறவும் என்று லேபிள் இல்லாமல் கைக்குக் கை மாறும் பொடி, மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. கேட்டால், "அது மருந்தில்லை டாக்டர், சும்மா பொடிதான்" என்பார்கள். முகம் உப்பி, வயிறு மட்டும் பெருத்து, சர்க்கரையும் ஏறியிருந்தால் நான் முதலில் கேட்பது அந்தப் பொடியைப் பற்றித்தான்.

அப்படி ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால், பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு, தானே சுரக்கும் இயற்கை ஸ்டீராய்டான கார்டிசாலின் சுரப்பைக் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம்கூட வரலாம். பொட்டலத்தோடு மருத்துவரிடம் வாருங்கள், அளவைப் படிப்படியாகக் குறைப்போம்.